ஒச்சம்மாளுக்கு வைத்த கண்

வெள்ளைக் கோடு படத்தின் வலது ஓரத்தைத் தொட்டு நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

லிடியா ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். வெளியே மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து கண்டக்டர்களின் கூச்சல், பக்கத்துப் பூட்டுக் கடையில் அரம் தேய்க்கிற சத்தம், உள்ளே டேபிள் ஃபேனின் கடகடப்பு எல்லாம் எப்போதும்போல இருந்தன. ஹெட்போனுக்குள் மட்டும் யாரோ மூச்சை இழுத்தார்கள், பாதியில் நிறுத்தினார்கள், மெதுவாக விட்டார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் என்றாலே நாம் ஒன்று சொன்னால் அது ஒன்று செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேசையோரம் ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.

இதெல்லாம் ஸ்டுடியோ முதலாளி கிதர் முகம்மதுவுக்குப் பிடித்த புதுப் பைத்தியத்தால் வந்தது. பாய்க்கு வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன வருஷம் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைத் தாமரைப்பூவுக்குள் உட்கார வைத்தார். இந்த வருஷம், கல்யாண சிடியின் ஆரம்பத்தில் எவனும் கேட்டிராத சத்தம் வேண்டும் என்கிறார். சென்னையில் இருக்கிற மச்சான் மகன் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருப்பதாகச் சொல்லியிருந்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு படத்தைக் கொடுத்தால் போதும். படத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். கோடு தொடுகிற இடத்தில் வெளிச்சம் இருந்தால் சத்தம் வரும், கருப்பாக இருந்தால் வராது. படத்தின் மேல்பகுதி கீச்சுக்குரல், கீழ்ப்பகுதி கனத்த குரல். அவ்வளவுதான் வித்தை.

லிடியாவுக்கும் இது பிடித்துப்போயிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பட்டுப்புடவைச் சரிகையைக் கொடுத்தபோது சின்னச் சின்ன மணிகள் மாதிரி கேட்டது. மலைக்கோட்டைப் படம் பெரிய வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல உறுமியது. பாயின் மனைவி சர்புன்னிசாவின் மருதாணிக் கையைக் கொடுத்ததும் வந்த கிரீச்சொலியைக் கேட்டு, "இதப் போட்டா பொண்ணு மணவறையில இருந்து எந்திரிச்சு ஓடிரும்" என்று பாயே சிரித்தார். இன்றைக்குப் பாய் பழனிப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார். கையில் வேலை முடிந்திருந்ததால், திரையில் கிடந்த படத்தையே விளையாட்டாக உள்ளே போட்டாள். அது எரியோட்டுக்குப் பக்கத்து ஊரில் செத்துப்போன ஒச்சம்மாளின் படம்.

மறுபடி போட்டாள். கோடு கிளம்பியது. கருப்புப் பின்னணியில் ஒன்றும் இல்லை. காது, கன்னம் எல்லாம் ஒரு ரீங்காரம். இடது கண் வந்ததும் ஒரு மூச்சு உள்ளே போனது. மெல்லிய விசில், நடுவில் ஒரு தடங்கல். மூக்கைத் தாண்டி வலது கண்ணுக்கு வந்ததும் அதே மூச்சு வெளியே வந்தது.

லிடியாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். மகள் நான்சி வீசிங் வந்து படுத்திருந்த எத்தனையோ ராத்திரிகளில், பக்கத்தில் உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கேட்ட மூச்சு அது. விசிலும் தடங்கலும் அப்படியே இருந்தன.

படத்திலிருந்த கண்கள் நான்சியுடையவை.

திண்டுக்கல் வட்டாரத்து ஸ்டுடியோக்களில் கண் திறக்கிற வேலை என்று ஒன்று உண்டு. ஆயுசு முழுக்கக் காமிரா முன்னால் நிற்காமலே போய்ச்சேர்ந்துவிடும் ஆட்கள் கிராமங்களில் ஏராளம். செத்த அன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்து, வாய் திறந்துவிடாமல் தாடையைச் சேர்த்துத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு ஒரு போட்டோ எடுப்பார்கள். வீட்டில் மாட்ட அதுதான் ஒரே படம். பிணத்தை அப்படியே மாட்ட முடியுமா? ஸ்டுடியோவில் தாடைத் துணியை அழித்து, மூக்குப் பஞ்சை அழித்து, காசு இருந்த இடத்தில் திருநீறு பூசி, கடைசியில் மூடின இமைக்கு மேல் திறந்த கண்ணை வைப்பார்கள். லிடியாவின் கை அதற்குப் பேர் போனது. அவள் கண் திறந்த படத்தைப் பார்த்துப் பெற்ற பிள்ளைகளே ஏமாந்திருக்கிறார்கள்.

வைக்கிற கண்ணுக்குப் பாய் ஒரு சிடி வைத்திருந்தார். அவருடைய அத்தா காலத்துப் பழைய நெகட்டிவிலிருந்து எடுத்தது. எப்போதோ மண்ணுக்குள் போனவர்களின் கண்கள். "இருக்குறவங்க கண்ணை எடுக்கக் கூடாதும்மா" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். ஏன் என்று லிடியா கேட்கவில்லை. யாராவது அடையாளம் கண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதற்காக இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். இன்றைக்குக் காலையில் பார்த்து அந்த சிடி படிக்க மாட்டேன் என்று மக்கர் செய்தது. சாயங்காலம் படம் வாங்க ஆள் வந்துவிடும், நாளைக்குக் காரியம். கம்ப்யூட்டரில் நான்சி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்றைக்கு எடுத்த புதுநன்மைப் படம் இருந்தது. வெள்ளைக் கவுனும் முக்காடும் கையில் மெழுகுவர்த்தியுமாக நேராகப் பார்க்கிற படம். பெற்ற பிள்ளையின் கண்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று வெட்டி எடுத்து, வெள்ளைப்பகுதியைக் கொஞ்சம் மங்கலாக்கி, ஓரத்தில் சுருக்கம் போட்டு ஒச்சம்மாளுக்கு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஒச்சம்மாளின் மகன் கண்ணுசாமி வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. பிரேம் போட்ட படத்தைப் பார்த்ததும் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மோட்டார் பெல்ட்டில் மாட்டிப் பாதியாகப் போயிருந்தது. அந்தப் பாதி விரலால் படத்தின் கண்களைத் தடவினார்.

"எங்காத்தா உசுரோட எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு தாயி. நீ நல்லா இருக்கணும்."

படத்தை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தபோது லிடியாவுக்கு அதைக் கொடுக்க மனசே வரவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

அதற்கப்புறம் சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. லிடியாவும் அந்தச் சத்தத்தை மறக்கப் பார்த்தாள். மரியநாதபுரத்து வீட்டில் ஒரு சாயங்காலம், அவள் கீழே உட்கார்ந்து வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கணவன் ஜெரோம் வேடசந்தூர் மில்லில் ஷிப்டுக்குப் போயிருந்தான். நான்சி எதிரே சம்மணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. எழுதும்போது தலையைத் தரைவரை சாய்த்து, எதற்கோ அடியில் குனிந்து பார்ப்பதுபோலப் பார்த்தது.

"என்னடி இது, கழுத்தச் சாய்ச்சுக்கிட்டு எழுதுற?"

"பூ மறைக்குதும்மா."

"எந்தப் பூ?"

"மஞ்சப் பூ. முன்னாடி தொங்குதுல்ல."

லிடியா சிரித்தாள். பிள்ளை விளையாடுகிறது என்றுதான் நினைத்தாள். நான்சி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் முகத்துக்கு முன்னால் எதையோ விலக்கியது. விலகவில்லைபோல. உதட்டைப் பிதுக்கிக்கொண்டது.

"அந்த மாமா தெனமும் காலையில புதுசு போடுறாரும்மா. கை கிட்ட வரும்போது பயமா இருக்கு. பெருசா வருது. நெத்தியில ஈரமா எதையோ வச்சு விடுறாரு."

"எந்த மாமாடி?"

"நரைச்ச மீசை மாமா. அவருக்கு இந்த வெரலு பாதிதான் இருக்கு."

அவரைக்காய் அவள் மடியிலிருந்து சரிந்து தரையில் கொட்டியது. கண்ணுசாமியை நான்சி பார்த்ததில்லை. அவரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசினதும் இல்லை. லிடியா எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. விரலில் மட்டும் சந்தன வாசனை வந்தது.

கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். லைட் அடித்துப் பார்த்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், "கண்ணுல ஒண்ணுமே இல்லம்மா, டிவிய கொறைங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் நான்சி திறந்த கதவுக்குப் பக்கத்துச் சுவரில் போய் மோதிக்கொண்டதாக டீச்சர் சொல்லியனுப்பினார். சோற்றுத் தட்டைத் தடவித் தேட ஆரம்பித்தது. செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மாதா படம் இருக்கிற பக்கம் பார்க்காமல் வெறுஞ்சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. "வெளக்கு தெரியுது, மாதாவக் காணோம்" என்றது. நாளுக்கு நாள் இந்த வீடு அதன் கண்ணிலிருந்து போய்க்கொண்டிருந்தது, அந்த வீடு வந்துகொண்டிருந்தது. கோழி உள்ளே வந்ததைச் சொன்னது. முருங்கைக்காய் மூட்டை இறக்கியதைச் சொன்னது. யாரோ ஒரு பெண் தன்னைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததைச் சொன்னது.

"நான் அவங்களக் கூப்புடுறேம்மா. அவுங்களுக்குக் கேக்கல."

லிடியா ஜெரோமிடம் சொன்னாள். "ஒனக்குத் தூக்கம் பத்தல லிடியா" என்றான் அவன். ஆனால் மறுநாள் ஷிப்டுக்குப் போகாமல் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டான்.

ஸ்டுடியோவில் பாய் இல்லாத நேரம் பார்த்து அந்த இன்டர்நெட் பக்கத்தைத் திறந்தாள். இந்தத் தடவை நான்சியின் புதுநன்மைப் படத்தைக் கொடுத்தாள். இமைகளுக்கு நடுவே தன் மகளின் கண்கள் தெளிவாக இருந்தன. அதில் அவள் கை வைக்கவில்லை, அன்றைக்குப் பிரதிதான் எடுத்திருந்தாள். கோடு கிளம்பியது. வெள்ளைக் கவுன் மழைபோல இரைந்தது. மெழுகுவர்த்திச் சுடர் ஊசியாகக் கீச்சிட்டது. முகம் வந்தது. கண் வந்தது.

ம்... ம்ம்...

பேச்சு இல்லை. அழுகை இல்லை. வாயைத் துணியால் இறுக்கிக் கட்டின ஆள் பேசப் பார்க்கிற சத்தம். வயசான தொண்டை. நாக்கு உள்ளே புரள்வதுகூடக் கேட்டது.

மறுபடி போட்டாள்.

ம்ம்... ம்ம்ம்...

முன்னைவிட நீளமாக இருந்தது. முன்னைவிடக் கிட்டத்தில் இருந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி வீசிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தபோது கதவருகே பாய் நின்றிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். சிடி மக்கர் செய்ததை, நான்சியின் கண்ணை எடுத்ததை, மஞ்சள் பூவை, பாதி விரலை. பாய் முகம் வெளுத்துப்போய், பரணிலிருந்து நெகட்டிவ் டப்பாவை இறக்கித் தூசி தட்டினார்.

"வேற கண்ணு வச்சு ஒரு படம் போடு. அதக் குடுத்துட்டுப் பழசத் திரும்ப வாங்கிட்டு வந்துரு. ஒடைச்சிராத, கிழிச்சிராத. அப்படியே கொண்டாந்து புள்ள கையில குடு."

"குடுத்தாச் சரியாயிருமா பாய்?"

"தெரியலம்மா" என்றார். "போ. மொதல்ல போ."

நெகட்டிவில் இருந்த யாரோ ஒரு கிழவரின் கண்ணை ஸ்கேன் செய்து ஒச்சம்மாளுக்கு வைத்தாள். முடித்ததும் கோட்டை ஓட்டிக் கேட்டாள். ரீங்காரம் மட்டும். மூச்சு இல்லை, ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. படத்தைப் பிரேம் போட்டுப் பைக்குள் வைக்கும்போது செல்போன் அடித்தது. ஜெரோம்.

"லிடியா, புள்ள இருட்டா இருக்குங்குது. ஒண்ணுமே தெரியலங்குது. இந்தா இந்த உச்சி வெயில்ல வாசல்ல நிக்க வச்சிருக்கேன்."

"செத்த இருங்க. புள்ளய விடாமப் புடிச்சுக்கங்க."

கண்ணுசாமிக்குக் கொடுத்த படத்தின் பிரதி கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் போட்டாள். காது. கன்னம். இடது கண்.

பொத்.

கனத்த, ஈரமான சத்தம். மறுபடி பொத். அதற்கு நடுவில் பொலபொலவென்று எதுவோ உதிர்ந்தது. வலது கண் வருவதற்குள் எல்லாம் அமுங்கிப்போய், ரொம்பத் தூரத்திலிருந்து அந்த விசில் மூச்சு மட்டும் வந்தது. லிடியா அப்பாவைக் குழிக்குள் இறக்கினபோது கிட்டத்தில் நின்று கேட்டிருக்கிறாள். மண் விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எரியோடு பஸ்ஸில் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த கரிசலும் முள்ளுக்காடும் மில் புகைபோக்கிகளும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் வைத்திருந்த மல்லிகைக் கூடையின் வாசனை நெஞ்சை அடைத்தது. டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றியபோதெல்லாம் லிடியா பல்லைக் கடித்துக்கொண்டாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எத்தனை கண் இருந்தது உலகத்தில்! அன்றைக்கே பரணிலிருந்து டப்பாவை இறக்கியிருந்தால் ஆகாதா?

கண்ணுசாமியின் வீட்டில் ஆணியில் செவ்வந்தி மாலை மட்டும் தொங்கியது. நடுவில் படம் இல்லை. அவர் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். லிடியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, படம் எங்க?"

"இருமுது தாயி."

"என்னது?"

"எங்காத்தா படம் இருமுது. சின்னப்புள்ள இருமுற மாதிரி. எங்காத்தாளுக்கு இருமலே கெடையாது. பொழுது சாஞ்சா, நாங்க போற பக்கமெல்லாம் கண்ணு திரும்புது. எங்க வீட்டுப் புள்ளைக வீட்டுக்குள்ள வர மாட்டேங்குதுக." குரலைத் தாழ்த்தினார். "ஆத்தா போக மனசில்லாம நிக்கிறா, அவகிட்டயே கொண்டு போய்ச் சேத்திருன்னு பூசாரி சொன்னாரு. இன்னிக்கு மத்தியானந்தான் பொதச்ச எடத்துல மேலாக்க ஒரு மொழம் பறிச்சு, அவ மொகத்துக்கு நேரா குப்புற வச்சு மூடிட்டு வந்தோம்."

லிடியா பையிலிருந்த படத்தை எடுத்து நீட்டினாள்.

"இதை மாட்டுங்கண்ணே. அதை எடுத்துக் குடுங்க. ஒங்க கால்ல விழுறேன்."

"பொதச்சதத் தோண்டவா? என்ன பேச்சு பேசுற தாயி?"

"அது என் புள்ள கண்ணு."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் தான் செய்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தாள். அவர் தன்னுடைய பாதி விரலைப் பார்த்தார். தினமும் சந்தனம் வைத்த விரல். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

சுடுகாடு ஊரைத் தாண்டி ஓடைக்கரையில் இருந்தது. பொழுது விழுந்துகொண்டிருந்தது. வேலிக்கருவைக்கு நடுவில் புதைமேடு, அதன் தலைமாட்டில் மத்தியானம் பறித்த ஈரமண் தனியாகத் தெரிந்தது. காற்று இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. மம்பட்டி முதல் வெட்டு விழுந்தபோது லிடியா ஜெரோமைப் போனில் கூப்பிட்டாள்.

"புள்ளகிட்டக் குடுங்க."

"அம்மா."

"பாப்பா, அம்மா வந்துட்டேன். என்ன தெரியுது?"

"இருட்டு."

சரக். மண் ஓரத்தில் விழுந்தது.

"மேல என்னமோ வெட்டுற சத்தம் கேக்குதும்மா."

"அது நாங்கதான். பயப்படாத. அம்மாதான்."

சரக்.

"அம்மா, இங்க ஒரு பாட்டி இருக்காங்க."

லிடியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கீழ படுத்திருக்காங்க. மூஞ்சிக்கு நேரா. வாயில துணி கட்டியிருக்கு." மூச்சு விசிலடித்தது. "என்னையே பாக்குறாங்க. கண்ணு மூடித்தான் இருக்கு. ஆனா பாக்குறாங்க."

"நீ பாக்காத. கண்ண மூடிக்க பாப்பா. கண்ண மூடிக்க!"

"மூடிட்டேம்மா. மூடினாலும் தெரியுது."

சரக். சரக். கண்ணுசாமிக்கு மூச்சு வாங்கியது. அவர் ஒருதரம்கூடத் தலை நிமிரவில்லை.

"அம்மா."

"சொல்லு."

"வாயில கட்டுன துணிய அவுக்குறாங்க."

மம்பட்டி மரச்சட்டத்தில் பட்டது. பிரேம். லிடியா போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் கவ்விக்கொண்டு மண்டியிட்டு விழுந்தாள், இரண்டு கையாலும் மண்ணை வாரித் தள்ளினாள், நகம் பெயர்ந்தது, விளிம்பு கைக்குக் கிடைத்தது. இழுத்தாள். வரவில்லை. கீழேயிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல ஒரு கணம் நின்றது. அப்புறம் விட்டது.

"வெளிச்சம் வருதும்மா!" நான்சி கத்தியது. "அம்மா, வெளிச்சம்!"

லிடியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாதாவே, மாதாவே. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். மிச்சமிருந்த வெளிச்சம் மேற்கேதான் இருந்தது. அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, முந்தானையால் கண்ணாடியின் மண்ணைத் துடைத்தாள். முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பாப்பா, இப்ப அம்மா தெரியிறேனா?"

"தெரியுதும்மா." நான்சி தயங்கியது. "முதுகுதான் தெரியுது. திரும்பும்மா."

லிடியா கையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

ஒச்சம்மாளின் கண்கள் மூடியிருந்தன. அவள் வரைந்த சுருக்கம் இருந்தது, பூசின திருநீறு இருந்தது. வைத்த கண் இல்லை. செத்த அன்றைக்கு எடுத்த அதே மூடின இமைகள்.

பின்னால் மம்பட்டி கீழே விழுந்தது. கண்ணுசாமி ஓடுகிற சத்தம். முள்ளில் வேட்டி கிழிகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

"திரும்பும்மா."

திரும்பினாள்.

குழியில் யாரும் இல்லை. முகம் இல்லை, உடம்பு இல்லை. முழங்கை ஆழத்துக்கு ஈரமண், அதில் பிரேம் கிடந்த தடம். அந்தத் தடத்தின் நடுவில், வெறும் மண்ணில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்கள் திறந்திருந்தன. சின்னக் கண்கள். ஓரத்தில் ஈரம். அவை மெதுவாக அவள் காலிலிருந்து மேலே ஏறி, அவள் முகத்தில் வந்து நின்றன.

"இப்பத் தெரியுதும்மா" என்றது நான்சி, போனில், சந்தோஷமாக. மண் ஒருதரம் கண் சிமிட்டியது.